பெரிய டிஷ்ஷா, சின்ன டிஷ்ஷா: கையைக் கடிக்காமல் முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

தெரிந்தவர் ஒருவர் வீடு மாறுகிறார். "தோட்டத்தில் நிற்கும் பெரிய செயற்கைக்கோள் டி.வி. டிஷ்ஷைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள், காசே வேண்டாம்" என்கிறார். இன்னொரு பக்கம், மாதக் கட்டணம் கட்டினால் சின்ன டிஷ்ஷை உடனே வந்து மாட்டித் தருகிறோம் என்று விளம்பரம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சின்ன டிஷ் விற்பவர் பெரிய டிஷ்ஷின் நல்லதைச் சொல்ல மாட்டார், பெரிய டிஷ் பிரியர் அதற்கு ஆகும் வேலையைச் சொல்ல மாட்டார். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தாலே பாதிச் செலவு மிஞ்சும்.

1. அளவு வேறு, அனலாக்-டிஜிட்டல் வேறு

பெரிய டிஷ் என்றால் அனலாக், சின்ன டிஷ் என்றால் டிஜிட்டல் என்று பலரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். டிஷ் தன் மேல் விழும் அலையை ஒரு புள்ளியில் குவிக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அந்த அலையில் இருப்பது அனலாக்கா டிஜிட்டலா என்று அதற்குத் தெரியாது.

டிஷ்ஷின் அளவை முடிவு செய்வது அலைவரிசை. பெரிய டிஷ்கள் பிடிப்பது சி-பேண்ட், அதாவது 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை. சில செயற்கைக்கோள்களில் 3.4-லிருந்தே தொடங்கும். இதன் அலைநீளம் சுமார் 7.5 செ.மீ. சின்ன டிஷ்கள் பிடிப்பது கேயூ-பேண்ட், 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது, அலைநீளம் சுமார் 2.5 செ.மீ. அலைநீளம் மூன்றில் ஒரு பங்கானால், சிக்னலை அதே அளவு குவித்து வலுவாக்க விட்டமும் மூன்றில் ஒரு பங்கு போதும். கணக்குப் போட்டால், சி-பேண்டில் 1.8 மீட்டர் டிஷ் செய்யும் வேலையைக் கேயூ-பேண்டில் 60 செ.மீ. டிஷ் செய்துவிடும். போதாததற்கு, வீடுகளுக்கு நேரடியாக அனுப்பும் கேயூ செயற்கைக்கோள்கள் நூறு வாட்டுக்கு மேற்பட்ட திறனில் அனுப்புகின்றன. பழைய சி-பேண்ட் டிரான்ஸ்பாண்டர்களில் (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்) சில 5 வாட்டில்தான் ஓடின. சின்ன டிஷ் சின்னதாக இருப்பதற்குக் காரணம் இவைதான். அதை டிஜிட்டலின் மாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டிஜிட்டல் செய்தது வேறொன்று. அனலாக் காலத்தில் ஒரு டிரான்ஸ்பாண்டருக்குப் பெரும்பாலும் ஒரே சேனல்தான். முழுப் பேருந்தில் ஒரே ஒரு பயணி போல. சுருக்கி அனுப்பும் முறை வந்தபிறகு அதே இடத்தில் பத்து, பதினைந்து சேனல்கள் ஏறின. டிரான்ஸ்பாண்டருக்கு வாடகை கட்டும் நிறுவனங்கள் அனலாக்கைக் கைவிட்டன. ஆகவே வழக்கொழிந்தது அனலாக் ரிசீவர், அதாவது டி.வி.க்குப் பக்கத்தில் வைக்கும் பெட்டி; டிஷ் இல்லை. பழைய பெரிய டிஷ்ஷில் புது எல்.என்.பி.யும் (டிஷ் குவிக்கும் அலையைப் பிடித்து ரிசீவருக்கு அனுப்பும் கருவி) டிஜிட்டல் ரிசீவரும் மாட்டினால் சி-பேண்டில் இன்றும் படம் வரும். கட்டுரை முழுக்க இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வேண்டிய சேனல்களை முதலில் எழுதுங்கள்

டிஷ், கடை, விலை எதையும் பார்க்கும் முன் ஒரு தாளை எடுங்கள். வீட்டில் உண்மையிலேயே பார்க்கும் சேனல்களை எழுதுங்கள். "எல்லாம் வேண்டும்" என்பது பட்டியல் ஆகாது.

அப்புறம் லிங்சாட் போன்ற இணையப் பட்டியல்களில் ஒவ்வொரு சேனலாகத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை விவரம் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்தச் செயற்கைக்கோள், எத்தனை டிகிரி தீர்க்கரேகையில், சி-பேண்டா கேயூ-பேண்டா, என்ன அதிர்வெண், என்ன போலரைசேஷன் (அலை அதிரும் திசை), என்ன சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்), டி.வி.பி.-எஸ்ஸா டி.வி.பி.-எஸ்2வா (டிஜிட்டலில் அனுப்பும் பழைய, புதிய முறைகள்), பூட்டப்பட்டதா திறந்ததா.

கடைசி விவரம்தான் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கும். திறந்த சேனலுக்கு மாதக் கட்டணம் இல்லை. பூட்டப்பட்ட சேனல் என்றால், டிஷ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உரிய சந்தா இல்லாமல் திரை கறுப்பாகத்தான் இருக்கும். சி-பேண்டில் வரும் பல சேனல்கள் கேபிள் நிறுவனங்களுக்கென்று பூட்டி அனுப்பப்படுபவை, வீட்டுக்குச் சந்தாவே கிடையாது. "பெரிய டிஷ்ஷில் ஆயிரம் சேனல் வரும்" என்பவரிடம், அதில் திறந்தவை எத்தனை, உங்களுக்குப் புரியும் மொழியில் எத்தனை என்று கேளுங்கள். பேச்சு உடனே மாறிவிடும்.

கூடவே, அந்தச் செயற்கைக்கோளின் கதிர்வீச்சுப் பரப்பு வரைபடத்தில் உங்கள் ஊர் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். சி-பேண்ட் கதிர்கள் பெரும்பாலும் ஒரு கண்டத்தையே மூடும் அளவுக்கு அகலமானவை. கேயூ கதிர்கள் குறிப்பிட்ட நாடு, குறிப்பிட்ட பகுதி என்று குறுக்கி அனுப்பப்படுபவை. சொந்த நாட்டைவிட்டு வெகுதூரம் வந்து, அங்குள்ள சேனலைப் பார்க்க நினைப்பவர்களுக்குப் பல நேரம் சி-பேண்ட் ஒன்றே வழியாக இருப்பது இதனால்தான்.

பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரு சந்தா நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தால், மேலே யோசிக்க வேண்டாம், சின்ன டிஷ் போதும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் விடை. பட்டியலில் முக்கியமானவை சி-பேண்டில் திறந்து கிடக்கின்றன, அல்லது வேறு எங்கும் கிடைப்பதில்லை என்றால் மட்டும் பெரிய டிஷ் பக்கம் வாருங்கள்.

3. வானம் தெரிகிறதா என்று பாருங்கள்

இந்தச் செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவை. உங்களுக்கு வேண்டிய செயற்கைக்கோள் உங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் தெரியும் என்பதை டிஷ்பாயின்டர் போன்ற இணையக் கணிப்பான்கள் சொல்லிவிடும். மூன்று எண்கள் கிடைக்கும்: அசிமுத், அதாவது திசை, எலிவேஷன், அதாவது உயரக் கோணம், ஸ்க்யூ, அதாவது எல்.என்.பி.யைத் திருப்ப வேண்டிய கோணம். மூன்றையும் அதே தாளில் எழுதுங்கள்.

டிஷ் வைக்கப்போகும் இடத்தில் போய் நின்று அந்தத் திசையில் பாருங்கள். நடுவில் மரம், சுவர், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. இலை உதிர்ந்த பருவத்தில் பார்த்துவிட்டு "வானம் தெரிகிறது" என்று சொல்லாதீர்கள். தழைத்தபின் அந்த மரம் சிக்னலை மறைக்கும். ஈர இலை இன்னும் மோசம்.

சின்ன டிஷ்ஷுக்கு ஒரே ஒரு திசை தெளிவாக இருந்தால் போதும். மோட்டார் வைத்துச் சுழலும் பெரிய டிஷ்ஷுக்குக் கிழக்கிலிருந்து மேற்கு வரை செயற்கைக்கோள்கள் வரிசையாக நிற்கும் வளைவு முழுவதும் திறந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் மோட்டாருக்குச் செலவு செய்வது வீண்.

இன்னொரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். சின்ன டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. எல்.என்.பி. நடுவில் நிற்காமல் கீழே ஒரு கையில் நீட்டிக்கொண்டிருக்கும். டிஷ் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட நேராக நிற்கும், ஆனால் அது பிடிப்பதோ முகம் காட்டும் திசையைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே. ஆகவே டிஷ் எதிர்ச்சுவரைப் பார்ப்பதுபோல் தெரிந்தால் பதற வேண்டாம். பெரிய டிஷ்ஷில் எல்.என்.பி. நேர் நடுவில் இருக்கும், முகம் எங்கேயோ பார்வையும் அங்கேதான்.

4. காகிதங்களை முன்கூட்டியே சேருங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இதில்தான் பணம் போகிறது.

வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சுவரில் துளை போடலாமா, கூரையில் ஏறலாமா, காலி செய்யும்போது யார் கழற்றுவது, துளையை யார் அடைப்பது என்ற நான்கும் அதில் இருக்கட்டும். அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். சின்ன டிஷ்ஷைக் கண்டுகொள்ளாத சங்கங்கள் இரண்டு மீட்டர் டிஷ்ஷைக் கண்டால் கூட்டம் போடும். விட்டத்துக்கு வரம்பு வைத்திருக்கும் உள்ளாட்சி விதிகளும் உண்டு. கம்பம் நட்ட பிறகு கேட்பதைவிட முதலில் ஒரு கடிதம் எழுதிக் கேட்பது மேல்.

சந்தா எடுப்பதானால் ஒப்பந்தத்தில் கட்டாயமாகப் பார்க்க வேண்டியவை: குறைந்தபட்சம் எத்தனை மாதம் இருக்க வேண்டும், நடுவில் விட்டால் என்ன அபராதம், பெட்டி உங்களுடையதா வாடகைக்கா, அறிமுகச் சலுகை முடிந்ததும் மாதம் எவ்வளவு, இரண்டாவது தொலைக்காட்சிக்குத் தனிக் கட்டணமா, வீடு மாறினால் இடமாற்றத்துக்கு எவ்வளவு. விற்பனையாளர் வாயால் சொல்வதெல்லாம் அவர் வாசல் தாண்டும் வரைதான் செல்லும். செட்டாப் பாக்ஸின் வரிசை எண்ணையும் ஸ்மார்ட் கார்டு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். பல நிறுவனங்களில் கார்டு அந்தப் பெட்டியோடு மட்டுமே பேசும். எண் பொருந்தாமல் போனால் அவர்களோடு தொலைபேசியில் மாரடிக்க வேண்டியிருக்கும்.

பழைய டிஷ்ஷை வாங்குவதானாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அண்டை வீட்டார் கேட்டால் காட்டலாம்.

5. பழைய பெரிய டிஷ்ஷைச் சோதிப்பது எப்படி

இலவசமாகக் கிடைத்தாலும் சோதிக்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். ஏற்றி இறக்கும் கூலியும் கம்பமும் சிமெண்டும் இலவசம் இல்லை.

முதலில் நூல் சோதனை. டிஷ்ஷின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு நூல்களை இறுக்கிக் கட்டுங்கள், கூட்டல் குறி மாதிரி. நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டுக்கொண்டால் விளிம்பு கோணாமல் இருக்கிறது. இடைவெளி விழுந்தாலோ ஒன்றையொன்று அழுத்தினாலோ டிஷ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கிய டிஷ்ஷில் சிக்னல் ஒரு புள்ளியில் குவியாது. சில சமயம் போல்ட்டைத் தளர்த்தி இழுத்துச் சரிசெய்யலாம். தாங்கும் சட்டமே வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, நூல்கள் சந்திக்கும் இடத்திலிருந்து டிஷ்ஷின் அடி வரை ஆழத்தை அளந்து பாருங்கள். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும். 240 செ.மீ. விட்டம், 38 செ.மீ. ஆழம் என்றால் கிட்டத்தட்ட 95 செ.மீ. எல்.என்.பி.யின் வாய் டிஷ்ஷின் அடியிலிருந்து அந்தத் தூரத்தில் இருக்க வேண்டும். யாரோ பிரித்துக் கட்டி, கால்களின் நீளம் மாறிப்போன பழைய டிஷ்களில் இந்தத் தூரம் இரண்டு மூன்று செ.மீ. பிசகியிருப்பது சாதாரணம். "டிஷ் வீக்காக இருக்கிறது" என்று பலர் கைவிட்டது இந்தப் பிசகைத்தான்.

வலை டிஷ்ஷா தகடு டிஷ்ஷா என்று பாருங்கள். சி-பேண்டுக்கு வலை தாராளமாகப் போதும், காற்றும் ஓரளவு புகுந்து போகும். ஆனால் அதே பெரிய வலை டிஷ்ஷில் கேயூ-பேண்டையும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அலை சிறியது, சி-பேண்டில் கண்டுகொள்ளாத சின்னப் பள்ளமும் பெரிய வலைக்கண்ணும் கேயூ-பேண்டில் சிக்னலைத் தின்றுவிடும்.

இனி, எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது. டிஷ், கம்பம், சுழலும் தாங்கி, துரு ஏறாத ஆக்சுவேட்டர் (டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார் கை) ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். அனலாக் ரிசீவர் போகட்டும். பழைய எல்.என்.பி.யும் போகட்டும். அதோடு ஒட்டியிருக்கும் போலரைசேஷன் மாற்றியைக் கவனியுங்கள். பழைய அமைப்பில் ஒரு சின்ன சர்வோ மோட்டார் உள்ளே இருக்கும் ஊசியைச் சுழற்றும். அதற்கென்று தனியாக மூன்று கம்பிகள் போகும். இன்றைய ரிசீவர்களுக்கு அந்த மோட்டாரை ஓட்டத் தெரியாது. அவை கேபிளிலேயே 13 வோல்ட், 18 வோல்ட் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் போலரைசேஷனைத் தேர்வு செய்கின்றன. ஆகவே ஃபீட்ஹார்னோடு (அலையை எல்.என்.பி.க்குள் செலுத்தும் குழல்) சேர்ந்து வரும் புது சி-பேண்ட் எல்.என்.பி. ஒன்று வாங்கிவிடுங்கள். உங்கள் செயற்கைக்கோள் வட்ட போலரைசேஷனில் அனுப்பினால், ஃபீட்ஹார்னுக்குள் 45 டிகிரியில் செருகும் சின்ன டெஃப்லான் தகடும் வேண்டும். கடையில் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

ஆக்சுவேட்டரிலும் இதே மாதிரி ஒரு பொறி. அந்த மோட்டார் ஓடுவது 36 வோல்ட்டில். பழைய அனலாக் ரிசீவருக்குள்ளேயே அந்த மின்சாரமும், டிஷ் எந்த நிலையில் நிற்கிறது என்று கணக்கு வைக்கும் கருவியும் இருந்தன. அதைத் தூக்கிப் போட்டதும் டிஷ்ஷை நகர்த்த ஆளில்லை. புது ரிசீவர் கேபிள் வழியே அனுப்பும் டைசெக் கட்டளையைப் புரிந்துகொண்டு 36 வோல்ட் கொடுக்கும் தனிப் பெட்டி ஒன்று உண்டு, வி-பாக்ஸ் என்று கேட்டால் தெரியும். பட்ஜெட்டில் இதை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

6. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

சின்ன டிஷ்ஷில் முதல் நாள் செலவு குறைவு, சில சமயம் ஒன்றுமே இல்லை. பெரிய டிஷ்ஷில் முதல் நாளே எல்லாச் செலவும். ஒப்பிடும்போது முதல் நாளைப் பார்க்காதீர்கள். சலுகை முடிந்தபின் வரும் மாதக் கட்டணத்தை மூன்று வருடத்துக்காக 36-ஆல் பெருக்குங்கள், பெட்டி வாடகையும் இரண்டாவது தொலைக்காட்சிக் கட்டணமும் சேர்த்து. அந்தத் தொகைதான் சின்ன டிஷ்ஷின் விலை. வரும் தொகையைக் கண்டு கொஞ்சம் அதிர்ச்சி ஆகலாம்.

பெரிய டிஷ் பக்கம் எழுத வேண்டியவை: ஏற்று கூலி, தடித்த இரும்புக் குழாய், குழி, கான்கிரீட், எல்.என்.பி., ரிசீவர், வி-பாக்ஸ், கேபிள், மோட்டாருக்குத் தனிக் கம்பி, தூக்கிப் பொருத்த இரண்டு மூன்று ஆள். இதில் டிஷ்ஷின் விலை பெரும்பாலும் சின்னப் பங்குதான். டிஷ் இலவசமாகக் கிடைத்தது என்பதால் மொத்தமும் மலிவாகிவிடாது.

கம்பத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2.4 மீட்டர் டிஷ்ஷின் பரப்பு சுமார் 4.5 சதுர மீட்டர், 60 செ.மீ. டிஷ்ஷின் பரப்பில் பதினாறு மடங்கு. காற்று தள்ளும் விசையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் ஏறும். சின்ன டிஷ்ஷைத் தாங்கும் சுவர் போல்ட் இதைத் தாங்காது. குழாய் அசைந்தால் டிஷ் அசையும், டிஷ் ஒரு டிகிரி அசைந்தாலே படம் போகும்.

இரண்டு அமைப்புக்கும் பொதுவாக ஒன்று: கேபிளும் கனெக்டரும். ஆர்.ஜி.-6 வகை, 75 ஓம் கேபிளாக வாங்குங்கள். ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் மெலிந்த பழைய ஆன்டெனா கேபிளைப் பயன்படுத்தினால், மிச்சம் பிடித்ததைப் போல இருமடங்கு வேலையாளுக்குக் கொடுப்பீர்கள்.

7. பொருத்துவது: வரிசை மாறக் கூடாது

சின்ன டிஷ்ஷை ஆளே வந்து மாட்டிவிடுவார், சில மணி நேர வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது மூன்று. கம்பம் நேர் செங்குத்தாக இருக்கிறதா, ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பக்கத்தில் பொறித்திருக்கும் டிகிரி அளவுகளுக்கு அர்த்தமே இல்லை. இரண்டாவது, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்குகிறதா; இல்லையென்றால் மழைநீர் கேபிள் வழியே நேராகப் பெட்டிக்கு வரும். மூன்றாவது, தரம்.

ரிசீவர் திரையில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று சிக்னல் வலிமை, இன்னொன்று தரம். எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே, டிஷ் எங்கே பார்த்தாலும் வலிமைப் பட்டை ஏறி நிற்கும். என் வீட்டுக்கு வந்த வேலையாள் அந்தப் பட்டையைக் காட்டித்தான் "பாருங்கள், 90 சதவீதம்" என்று பணம் கேட்டார். தரப் பட்டை அடியில் கிடந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது தரம். அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும், ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். டிஜிட்டலில் அப்படி நடுத்தரம் கிடையாது. ஒரு அளவு வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும், அதற்குக் கீழே சதுரம் சதுரமாக உடைந்து உறைந்துபோகும். ஆகவே "படம் நன்றாக வருகிறதே" என்பது சான்றில்லை. தெளிந்த நாளில் தரம் உச்சத்தில் இருந்தால்தான் மழை நாளில் மிச்சம் இருக்கும்.

பெரிய டிஷ்ஷைப் பொறுத்தவரை வேலை ஒரு நாளில் முடியாது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். முதலில் குழி வெட்டி, குழாயை நிறுத்தி, கான்கிரீட் போடுங்கள். குழாயின் அடியில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டு செய்துவிட்டால் பின்னாளில் காற்றில் திரும்பாது. கான்கிரீட் இறுகும் முன் ரசமட்டத்தை நான்கு பக்கமும் வைத்துச் சரிபாருங்கள். சுழலும் டிஷ்ஷுக்கு இது உயிர்நாடி; குழாய் செங்குத்தில் இல்லையென்றால் நடுவில் ஒரு செயற்கைக்கோள் நன்றாக வரும், ஓரங்களில் ஒன்றும் வராது. ஒரு வாரமாவது ஆற விடுங்கள். அவசரப்பட்டு மறுநாளே டிஷ்ஷை ஏற்றினால் அதன் எடைக்குக் குழாய் சாயும், சாய்ந்தது சாய்ந்ததுதான்.

அப்புறம் திசை. காந்தத் திசைகாட்டியை இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், சில மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அது காட்டுவது காந்த வடக்கு. உங்கள் இடத்துக்கான காந்த விலக்கத்தைக் கூட்டியோ கழித்தோ உண்மையான வடக்கை எடுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் சூரியனைப் பயன்படுத்துங்கள். சூரியனின் திசையும் செயற்கைக்கோளின் திசையும் ஒன்றாக வரும் நேரம் ஒன்று பல நாட்களில் உண்டு, இணையக் கணிப்பான்களில் கிடைக்கும். அந்த நிமிடத்தில் குழாயின் நிழல் தரையில் விழும் கோட்டில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு நேர் எதிர்த்திசைதான் உங்கள் செயற்கைக்கோளின் திசை. திசைகாட்டியைவிட இது நம்பகமானது.

மோட்டார் டிஷ்ஷை முதலில் வளைவின் உச்சியில், உங்கள் தீர்க்கரேகைக்கு மிக அருகில் உள்ள செயற்கைக்கோளில் நிறுத்திச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு ஓரம், மறு ஓரம். ஓரத்தில் டிஷ்ஷைக் கையால் லேசாக மேலே தூக்கிப் பாருங்கள், கீழே அழுத்திப் பாருங்கள். எப்போது தரம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் திருத்தம் தேவை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட்டைத்தான் தொட வேண்டும். மூன்றையும் சேர்த்துத் தளர்த்தினால் மறுபடி முதலிலிருந்து.

ரிசீவர் மெனுவில் எல்.என்.பி. வகையை மாற்ற மறக்காதீர்கள். சி-பேண்டுக்கு 5150, யுனிவர்சல் கேயூ எல்.என்.பி.க்கு 9750/10600. இந்த எண் தவறாக இருந்தால் டிஷ் கச்சிதமாக நின்றாலும் ஒரு சேனலும் வராது. வேறு வகை எல்.என்.பி. என்றால் அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எண் அச்சாகியிருக்கும். மேலே ஏற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கனெக்டர் போடும்போது நிதானம் வேண்டும். கேபிளின் வெளி உறையைச் சீவி, வலை இழைகளைப் பின்னுக்கு மடித்து, நடுக் கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நிற்கும்படி திருகுங்கள். முடிந்ததும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். தலைமுடி போல ஒரே ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரம் ஷார்ட் ஆகி, பெட்டியே பழுதாகலாம். ரிசீவரின் மின் இணைப்பைப் பிடுங்காமல் கேபிளைக் கழற்றி மாட்டுவதும் இதே விபத்தைத்தான் கொண்டுவரும். வெளியே இருக்கும் ஒவ்வொரு கனெக்டரையும் நீர் புகாத ரப்பர் டேப்பால் சுற்றுங்கள்.

கூரையில் ஏறும்போது மின்கம்பிகள் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். இரும்புக் குழாய்க்கு எர்த் இணைப்பு கட்டாயம். இடி இடிக்கும் நாளில் டிஷ் வேலை கிடையாது.

8. மழை, வெயில், பக்கத்து டவர்

கேயூ-பேண்டை மழை நன்றாகவே பாதிக்கும். கனமழைத் துளிகள் அந்தச் சின்ன அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும், சில நிமிடம் படம் போய்த் திரும்பும். சி-பேண்டுக்கு மழை பெரிய பொருட்டே இல்லை. மழை அதிகமுள்ள வெப்பமண்டலப் பகுதிகளில் ஒளிபரப்பாளர்கள் சி-பேண்டை இன்னும் விடாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். மழைக்காலத்தில் படம் போவதை உங்களால் பொறுக்கவே முடியாது என்றால், சந்தா நிறுவனம் கொடுப்பதைவிட ஒரு அளவு பெரிய ஆஃப்செட் டிஷ் போட்டுப் பாருங்கள், 60-க்குப் பதில் 90 செ.மீ. பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. பலருக்கு இதுவே போதும், இரண்டு மீட்டர் டிஷ்ஷுக்குப் போகவே வேண்டாம்.

மார்ச், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களை ஒட்டிச் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும். அப்போது எந்த டிஷ்ஷிலும் படம் போகும். ஆளைக் கூப்பிடாதீர்கள், தானாகத் திரும்பும்.

சி-பேண்டுக்கு இன்று உள்ள பெரிய எதிரி 5ஜி. உலகின் பல பகுதிகளில் 3.3 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி கைப்பேசிக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 3.98 வரை எடுத்துவிட்டார்கள். அங்கே செயற்கைக்கோளுக்கு மிஞ்சியது 4.0 முதல் 4.2 வரைதான். பக்கத்தில் 5ஜி டவர் இருந்தால் அதன் சிக்னல் எல்.என்.பி.யைத் திணறடிக்கும், நேற்று வரை வந்த சேனல் இன்று வராது. 5ஜி ஃபில்டர் உள்ள எல்.என்.பி.யாகவே வாங்குங்கள். அதன் மேல் எழுதியிருக்கும் அதிர்வெண் எல்லைக்குள் உங்கள் தாளில் உள்ள சேனல்கள் வருகின்றனவா என்றும் பாருங்கள். 3.8-லிருந்து தொடங்கும் ஃபில்டரை மாட்டிவிட்டு 3.75-இல் உள்ள சேனலைத் தேடிப் பயனில்லை. பெரிய டிஷ்ஷில் முதலீடு செய்யும் முன், அந்தப் பகுதியில் ஏற்கெனவே சி-பேண்ட் பிடிப்பவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

9. வேலை முடிந்த அன்றைக்கே செய்ய வேண்டியவை

தரப் பட்டையின் எண்ணை ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் படம் உடையும்போது, கேபிள் கெட்டதா டிஷ் நகர்ந்ததா என்பதைக் கண்டுபிடிக்க அந்த எண்தான் உதவும். குழாயிலும் தாங்கியிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். புயலுக்குப் பிறகு கோடு விலகியிருந்தால் எவ்வளவு திரும்பியது என்று கண்ணாலேயே தெரியும்.

ரிசீவரில் சேனல் பட்டியலை யு.எஸ்.பி.யில் நகல் எடுக்கும் வசதி இருந்தால் எடுத்து வையுங்கள். மென்பொருள் புதுப்பித்ததும் எல்லாம் அழிந்துபோகும் பெட்டிகள் உண்டு.

ஆளுக்குக் கூலி கொடுக்கும்போது முழுவதையும் கொடுக்காமல், ஒரு மழை போன பிறகு மீதி என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சந்தா என்றால், முதல் ரசீது வந்ததும் ஒப்பந்தத்தில் எழுதிய தொகையோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். நீங்கள் கேட்காத சேனல் தொகுப்பு ஒன்று "ஒரு மாதம் இலவசம்" என்று அதில் உட்கார்ந்திருந்தால், அந்த மாதம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு முன்னாலேயே நீக்கச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள்.